பீட்ரூட்டுக்கு இரண்டு நிமிடம்

1

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்கள் அனைவருக்கும் ஒரே ஒரு வணக்கம். மேடையேறினால் தலைவர் முதல் ஒலிபெருக்கி கட்டியவர் வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்கிய பிறகே தலைப்பைத் தொடுபவள் நான் என்பது, திருவள்ளூர் மாவட்டத்தில் என்னைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். இன்று ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன் என்பது இக்குறிப்புகளைப் படித்து முடிக்கையில் உங்களுக்கே விளங்கும்.

போலந்து நாட்டின் போஸ்னான் நகரில் நாங்கள் குடியேறி இந்த மே மாதத்தோடு மூன்று ஆண்டுகள் நிறைகின்றன. நாங்கள் என்றால் நான், என் கணவர், ஐந்து வயது மகள் யாழினி. இப்படியோர் ஆண்டு நிறைவில் எழுத அமர்பவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள்; பிரிவைப் பற்றி எழுதுவார்கள். நான் பீட்ரூட்டைப் பற்றி எழுத இருக்கிறேன்.

காரணம் உண்டு. இந்நாட்டின் காய்கறிக் கடைக்கு வெண்டைக்காய் எப்போதாவது வரும் விருந்தாளி. முருங்கைக்காய் வராத விருந்தாளி. பீட்ரூட் மட்டுமே வீட்டுக்காரர். மண் உதிராத கோலத்தில், கடை வாசலில், ஆண்டு முழுவதும் குவிந்து கிடக்கிறது. 'புராக்கி' என்று அதை அழைக்கிறார்கள். சாறாகக் குடிக்கிறார்கள், துருவிச் சுடச்சுட இறைச்சியோடு உண்கிறார்கள், புளிக்க வைத்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில், பீட்ரூட்டை மட்டுமல்ல, எதையுமே சமைக்கத் தெரியாதவளாக நான் வந்து இறங்கினேன். சோம்பலால் அல்ல. கொள்கையால்.

2

அந்தக் கொள்கை பிறந்த இடம் திருவள்ளூரில் ஒரு கல்லூரி அரங்கம். தலைப்பு: 'சமையலறை பெண்ணுக்குச் சுகமா, சுமையா?' நான் சுமை அணியின் தலைவி. எதிரணியினர் வெண்பொங்கலின் மணத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது, நான் எழுந்து, இரு கைகளையும் அவைக்குக் காட்டி, "இவை கரண்டி பிடிக்கப் பிறந்த கைகள் அல்ல, ஒலிவாங்கி பிடிக்கப் பிறந்த கைகள்" என்று முடித்தேன். கைதட்டல் அடங்குவதற்கு நடுவர் இரண்டு முறை கையமர்த்த வேண்டியிருந்தது. கோப்பை எனக்கே.

அன்று என்னோடு வந்திருந்தவன் என் தம்பி சாமுவேல். பள்ளிச் சீருடையில் இருந்தான். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை வந்து, அங்கே பேருந்து மாறி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும் வரை கோப்பை என் மடியில் இருந்தது. வழியில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, நீ கரண்டிய தொட மாட்டேன்னு சொல்லிட்ட. அப்ப நாளைக்கி நாஷ்டா யார் செய்வாங்க?"

நியாயமான கேள்வி. அப்பா இரும்பு உருட்டும் ஆலையில் சுழற்சிப் பணி. அம்மா மருந்து அட்டை அடைக்கும் நிறுவனத்தில் காலைப் பணி. இருவரும் களைத்து வருவார்கள். நான் கொள்கையில் உறுதியாக நின்றேன். சாமு அடுப்பின் முன் நின்றான். நின்றவன், அங்கேயே தன் வாழ்க்கையைக் கண்டுபிடித்தான். உணவகப் படிப்பு முடித்து, இன்று எங்கள் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் உணவுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரன். ஒவ்வொரு வேளையும் ஐந்நூறு இலை. என் கொள்கையால் ஆளானவன் என்று அவனை நான் அறிமுகம் செய்வேன். என் கொள்கையால் அடிபட்டவன் என்று அவன் தன்னை அறிமுகம் செய்துகொள்வான்.

3

போஸ்னானில் சமைத்துப் போடச் சாமு இல்லை; கொள்கையை ஒதுக்கிவைத்து, முதல் பீட்ரூட்டை நான் தோல் சீவினேன், துண்டு போட்டேன், கொதிக்கும் நீரில் இட்டேன். நீர் சிவந்தது, காய் வெளுத்தது. அது ஒரு சனிக்கிழமைக் காலை. ஊரில் மதியப் பந்தி முடிந்து, தேநீருக்கு அடுப்பு மூட்டும் முன் சாமுவுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம். காணொளியில் அழைத்துப் பாத்திரத்தைக் காட்டினேன்.

"இன்னாக்கா இது? அடிபட்டவன் கை கழுவுன தண்ணி மாரி கீது."

"பீட்ரூட் பொரியல்."

"தோல ஏன் சீவின?"

"தோலோடு யாராவது சாப்பிடுவார்களா?"

"சாப்புட சொல்லலக்கா. வேக வெக்க சொல்றேன். வாலயும் கிள்ளாத, தலையயும் வெட்டாத. மண்ணு போவ கழுவி முழுசா குக்கர்ல போடு, நாலு விசில். வெந்ததும் பைப்புல காட்டி ஒரு தேய் தேய். சட்ட கழட்ற மாரி தோல் வந்துரும். கலரு உள்ளயே நிக்கும்."

செய்தேன். சட்டை கழல்வதுபோலவே கழன்றது. உள்ளிருந்து வெளிப்பட்ட அந்த நிறத்திற்கு உவமை சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் அடுத்த கட்டத்திற்குப் போயிருந்தான்.

"துருவிட்டியா? இப்ப எண்ண காயட்டும். கடுகு போடு. வெடிச்சதும் உளுத்தம்பருப்பு, காஞ்ச மொளகா ரெண்டு. பருப்பு செவந்ததும் துருவுனத கொட்டு. நடுவுல பேசாத."

"சாமு, நீ சொல்வதில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. முதலில் வேகவைத்த காயை இரண்டாம் முறை வதக்குவதற்கு என்ன நியாயம் என்று நீ..."

"அக்கா, கருகுது."

கருகியிருந்தது. எந்த அவையும் என் சொல்லுக்குக் காத்திருக்கும், கடுகு காத்திருக்கவில்லை. வாணலியைக் கழுவி மீண்டும் தொடங்கும்போது அவன் சொன்னான்: "ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடறேன். பீகாருக்காரன், ஒடிசாக்காரன், நம்ம பொன்னேரிக்காரன், ஒருத்தனும் இவ்ளோ கேள்வி கேட்டதில்ல. உன் ஒருத்தியால பேஜாரா கீது."

இரண்டாம் முறை வாய் திறக்காமல் செய்தேன். வதக்குவது மூன்று நிமிடம்தான். உப்பை இறுதியில் தூவ வேண்டும். தேங்காய் கிடைக்காத ஊரில் கடைப் பொட்டலத்து உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து சேர்த்தால் போதும். கறிவேப்பிலைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "இல்லன்னா இல்லாம செய்யி, அது இன்னா கோர்ட்டு கேஸா" என்றான். யாழினி இந்தப் பாடம் முழுவதையும் அடுக்களை மேடையில் உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டு பார்த்தாள். அன்று முதல் சனிக்கிழமைதோறும் அந்த இடம் அவளுடையதாயிற்று.

4

பீட்ரூட்டுக்கு எதிராக ஒரு குற்றச்சாட்டை மட்டும் நான் மறுக்க மாட்டேன்: அது கையை விடாது. முதன்முறையாக வசிப்பு அட்டைக்கு விரல் ரேகை பதிக்கச் சென்ற நாளன்று, முந்திய நாள் துருவிய பீட்ரூட் என் பத்து விரல்களிலும் இருந்தது.

குடியேறியோர் அலுவலகத்தைப் பற்றி, வெளிநாட்டில் உறவினர் இருக்கும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்சீட்டு, நாற்காலி வரிசை, கோப்பு, கோப்பின் நகல், நகலின் மொழிபெயர்ப்பு. மூன்று மொழிகளில் வாதாடத் தெரிந்த நான், அந்தக் கண்ணாடிச் சன்னலின் முன் எப்போதும் தலையசைக்க மட்டுமே தெரிந்தவளாக நின்றிருக்கிறேன். அன்றும் அப்படியே நின்றேன். கருவியின் மேல் விரலை வைத்ததும், உள்ளே இருந்த நரைமுடி அம்மையார் விரலைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; மீண்டும் விரலைப் பார்த்தார்.

"புராக்கி?" என்றார்.

"புராக்கி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. காகிதங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, எலுமிச்சையைப் பிழிந்து விரலில் தேய்ப்பதுபோல் நடித்துக் காட்டினார். பிறகு, நான் கேட்காமலேயே, பீட்ரூட்டைத் துருவுவதுபோலவும், அதோடு ஓர் ஆப்பிளைத் துருவிக் கலப்பதுபோலவும் செய்து காட்டி, விரல் நுனிகளைக் குவித்து உதட்டில் வைத்து முத்தமிட்டார். எனக்குப் பின்னால் வரிசை காத்திருந்தது. அந்த அலுவலகத்தில் படிவமில்லாமல் எனக்கு வாய்த்த முதல் உரையாடல் அது.

வீட்டுக்கு வந்து எலுமிச்சையைத் தேய்த்தேன், கறை போயிற்று. மறுநாள் ஆப்பிளையும் சோதித்தேன். புளிப்புப் பச்சை ஆப்பிளைத் துருவி, வெந்த பீட்ரூட் துருவலோடு கெட்டித் தயிரில் கலந்து, உப்பிட்டு, மேலே கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டினால் அது ஒரு பச்சடி. தயிரை அடுப்பில் ஏற்றக்கூடாது. தாளிப்பு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். மாங்காய் செய்யும் வேலையை ஆப்பிள் செய்கிறது. சாமுவிடம் சொன்னேன். சிரித்தான். இரண்டு நாள் கழித்து அவனே அழைத்தான்.

"கேன்டீன்ல இல்ல, ஊட்டுல செஞ்சி பாத்தேன். அப்பா ரெண்டு தபா வாங்கி சாப்ட்டாரு. இன்னா காயின்னு கேட்டாரு. போலந்து மாங்கான்னு சொல்லிக்கீறேன்."

5

இனி, இந்தக் கதையில் எனக்கு வலித்த இடத்திற்கு வருகிறேன்.

யாழினி மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், போலிஷ் மொழி அவளுக்கு மூச்சுப்போல வந்துவிட்டது. நான் தமிழில் கேட்பேன்; அவள் அவர்கள் மொழியில் பதில் சொல்வாள். பொம்மைகளை அம்மொழியிலேயே அதட்டுவாள். எனக்கோ பணியிடத்தில்கூடப் பேச்சுப் பழக வாய்ப்பில்லை. கார் உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதகர் வேலை. காதில் அடைப்பான், கையில் அளவுகோல், எட்டு மணி நேர மௌனம்.

ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, குழந்தைகளின் குளிர்காலக் காலணி பற்றி ஒரு கேள்வி கேட்டேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, கோத்து, முடிக்க வெகு நேரம் ஆயிற்று. யாரும் முகம் சுளிக்கவில்லை; பொறுமையாகவே இருந்தார்கள். அந்தப் பொறுமையைத்தான் யாழினி பார்த்துவிட்டாள்.

சென்ற மாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு செய்தி. 'பீட்ரூட் நாள்' கொண்டாடப் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பீட்ரூட்டில் செய்த ஒரு பண்டம் வர வேண்டும். செய்தவர் எழுந்து அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும்.

மேடை, நேரம், மணி. மூன்று ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த ஒருத்தி எனக்குள் விழித்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்றும் இல்லாத வழக்கமாகத் தமிழிலேயே சொன்னாள்:

"அம்மா, நீ டப்பா மட்டும் குடு. பேச வேணாம்."

"ஏன் கண்ணு?"

"நீ பேசினா ரொம்ப நேரம் ஆகும். எல்லாரும் பாத்துகினே இருப்பாங்க."

எதிரணித் தலைவர்கள் எத்தனையோ பேர் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒருவராலும் முடியாததை ஐந்து வயதுக் குழந்தை டிராம் நிறுத்தத்தில் செய்து முடித்தாள். வீட்டு அலமாரியில் என் கோப்பைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அவளுக்கு எதுவும் சொல்வதில்லை. என் பேச்சைக் கேட்டு என் மகள் தலை குனியாமல் இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய பரிசு எதற்காகவும் நான் மேடையேறியதில்லை.

"இரண்டே நிமிஷத்துல முடிச்சுடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. மணி அடிச்சா உக்காந்துடுவேன்."

சரி என்றாள்.

உரையைப் போலிஷில் எழுதினேன். உடன் பணிபுரியும் பெண்ணிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். காதடைப்பான் போட்டுக்கொண்டு, இயந்திர இரைச்சலின் நடுவே, உதடு மட்டும் அசைய ஒத்திகை பார்த்தேன். கடிகாரத்தோடு கணவர் முன்னிலையில் பேசிக் காட்டினேன்: ஒரு நிமிடம் ஐம்பது நொடி. தங்கம் போன்ற கணக்கு.

சாமு ஒன்றுதான் கேட்டான். "வணக்கம் எல்லாம் சேத்தா, சேக்காமயா?"

"அவை வணக்கம் நேரத்தில் சேராது சாமு. விளித்து முடித்த பிறகுதான் கடிகாரம் ஓடும். எல்லா மேடையிலும் அதுதான் மரபு."

"எல்லா மேடையிலயுமா?" என்றான். அவனுக்கு மேடை மரபு தெரியாது என்று விட்டுவிட்டேன்.

6

அந்த நாள் வந்தது. சின்னஞ்சிறு நாற்காலிகளில் பெரிய பெரிய பெற்றோர் முழங்கால் மடக்கி அமர்ந்திருந்தார்கள். நீள மேசையில் சாறு, அடை, கேக், ஊறுகாய், எல்லாம் ஒரே நிறத்தில். என் பொரியல் மூடிய டப்பாவில் இருந்தது. வகுப்பாசிரியை கையில் ஒரு சிறிய வெண்கல மணி. முன்னே பேசிய பெற்றோர்கள் எழுந்தார்கள், பண்டத்தின் பெயரைச் சொன்னார்கள், சிரித்தார்கள், அமர்ந்தார்கள். ஒருவர்கூட அவையை வணங்கவில்லை. இவர்களுக்கு மேடை முறை தெரியவில்லையே என்று நான் இரங்கினேன்.

என் முறை வந்தது. எழுந்தேன். கைகூப்பினேன்.

பள்ளி முதல்வரைப் பெயர் சொல்லி வணங்கினேன். வகுப்பாசிரியையை வணங்கினேன். துணையாசிரியையை வணங்கினேன். அடுக்களைக் கதவோரம் ஈரக் கையோடு நின்றிருந்த பள்ளிச் சமையற்காரர் ஹலினா அம்மையாரை வணங்கினேன். பெற்றோரை வணங்கினேன். அடுத்து, அவையில் வீற்றிருந்த பதினான்கு குழந்தைகளையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கினேன். யாழினி இரவு உணவின்போது நாள் தவறாமல் சொல்லும் பெயர்கள் அவை. எனக்குத் தடுமாற்றமே இல்லை. பெயர் கேட்ட குழந்தை எழுந்து நின்றது. என் கைகளைப் பார்த்துத் தானும் கைகூப்பியது. அடுத்தது எழுந்தது. அது ஒரு விளையாட்டு என்றே அவர்கள் எண்ணிவிட்டார்கள். கடைசியாக யாழினியின் பெயரைச் சொன்னேன். அவளும் எழுந்தாள்.

நெஞ்சு நிறைந்தது. குரலை ஒரு படி உயர்த்தி, "இன்று நான் கொண்டு வந்திருப்பது" என்று தொடங்கினேன்.

மணி அடித்தது.

இந்த நாட்டில் கடிகாரம் வணக்கத்தோடே ஓடத் தொடங்கிவிடுகிறது. இதை எனக்கு எந்தப் படிவமும் தெரிவிக்கவில்லை.

மணி அடித்த பிறகு ஒரு சொல்லும் பேசாதவர் என்ற பெயரைப் பத்தாண்டுகள் காத்தவள் நான். மகளுக்குச் செய்த சத்தியமும் இருந்தது. பாதி வாக்கியத்தில் நின்று, அவைக்குத் தலைவணங்கி, உட்கார்ந்தேன். மூடிய டப்பா மேசை மேல் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஆசிரியை மணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யாழினியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாற்காலி நகரும் ஒலி கேட்டது. நிமிர்ந்தேன். எழுந்து நின்ற பதினான்கு பேரில் ஒருத்தி உட்காரவே இல்லை. யாழினி மேசைக்கு நடந்தாள். இரண்டு கைகளாலும் டப்பாவைத் திறந்தாள். அவையைப் பார்த்துக் கைகூப்பினாள். ஒரே ஒரு முறை. பிறகு பேசினாள்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் கைகள் சாமுவின் கைகளாக இருந்தன. வாலைக் கிள்ளக்கூடாது என்று விரலை ஆட்டினாள். குழாயடியில் தேய்த்துக் காட்டிச் சட்டையைக் கழற்றுவதுபோல் செய்தாள், குழந்தைகள் சிரித்தார்கள். போலிஷ் வாக்கியங்களின் நடுவே, வேறு சொல் கிடைக்காமல், 'கடுகு' என்றாள், 'தாளிப்பு' என்றாள். கடுகு எப்படி வெடிக்கும் என்று வாயால் வெடித்துக் காட்டினாள். பதினான்கு வாய்களும் வெடித்தன. இறுதியில் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னாள். அறை முழுவதும் சிரித்தது. அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

மணி அடிக்கவில்லை. அவள் நேரத்துக்குள் முடித்திருந்தாள்.

முதலில் உண்ண வந்தவர் ஹலினா அம்மையார். இரண்டாம் கரண்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார்: எத்தனையோ விழா இங்கே நடந்திருக்கிறது, பேசியவர் யாரும் இந்தச் சமையற்காரியின் பெயரைச் சொன்னதில்லை. பிறகு டப்பாவைக் காட்டி, அந்தத் 'தாளிப்பு' எப்போது போட வேண்டும் என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் யாழினி பதில் சொன்னாள்.

7

மறுநாள் ஹலினா அம்மையார் யாழினியிடம் ஒரு கட்டு இளம் பீட்ரூட் கொடுத்தனுப்பியிருந்தார், இலையும் தண்டுமாக. வசந்தத்தில் மட்டுமே கிடைக்கும் பேறு அது. சாமுவை அழைத்தோம்.

"அப்ப நீ ரெண்டு நிமிசமும் வணக்கமே சொல்லிகினு இருந்தியா?"

"ஆம்."

"பீட்ரூட்டுனு ஒரு வார்த்த?"

"இல்லை."

"இன்னாக்கா, தோத்துட்டியா?"

அடுக்களை மேடையிலிருந்து யாழினி தமிழில் குறுக்கிட்டாள். "தோக்கல மாமா. அம்மா எல்லார் பேரும் சொன்னாங்க. நான் கறி சொன்னேன்."

"கடைசில இன்னா சொல்லி சிரிக்க வெச்ச?"

"அம்மா பேசினா கடுகு கருகிடும், மாமா திட்டுவாருன்னு சொன்னேன்."

சாமு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "எலைய தூக்கிப் போட்டுடாத" என்று தொழிலுக்குத் திரும்பினான். "ஊத்துக்கோட்ட சந்தையில கிள்ளிப் போட்றாங்க, நான் கேட்டு வாங்கியாருவேன். பாசிப்பருப்ப மஞ்சத்தூள் போட்டு முக்கா வேக்காடு வேக வெய்யி. எலையும் தண்டும் பொடிசா அரிஞ்சி அதுல போடு. தேங்காயும் சீரகமும் அரைச்சி ஊத்து, ஒரு கொதி. எறக்கி தாளி. அவ்ளோதான் கூட்டு."

பருப்பு வெந்தது. இலை அடங்கியது. அரைத்ததை ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்கினேன். தாளிக்க எண்ணெய் காயும்போது கணவர் பணியிலிருந்து வந்தார். முந்திய நாள் நிகழ்ச்சியை அவர் நேரில் பார்க்கவில்லை; சுருக்கமாகத்தான் கேட்டிருந்தார். அவருக்கு அதை முறைப்படி விவரிக்க எண்ணி, கரண்டியைக் கீழே வைத்து, அவர் பக்கம் திரும்பி, அரங்கின் அமைப்பிலிருந்து தொடங்கினேன். முதல்வர் எங்கே அமர்ந்திருந்தார், ஆசிரியை எங்கே நின்றிருந்தார், மேசை எந்தத் திசை நோக்கி...

பின்னால் கிணுங் என்று ஒலி கேட்டது. யாழினி கரண்டியால் எவர்சில்வர் தம்ளரைத் தட்டியிருந்தாள்.

"அம்மா, மணி அடிச்சாச்சு. கடுகு போடு."

போட்டேன்.